விண்ட்சரில் ஒரு திங்கட்கிழமை: கோட்டையும் குதிரைகளும்

லண்டனுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் மன்னரின் கோட்டை இருக்கும் விண்ட்சருக்குத் திங்கட்கிழமையாகப் பார்த்துப் போனோம். செவ்வாயும் புதனும் கோட்டைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. ஞாயிறு போனால் கோட்டைக்குள் இருக்கும் புனித ஜார்ஜ் ஆலயம் வழிபாட்டுக்கு மட்டும்தான். இதையெல்லாம்விட முக்கியமான காரணம், கோடைகாலத்தில் திங்கட்கிழமை மாலைகளில் விண்ட்சரில் தேம்ஸ் கரையில் குதிரைப் பந்தயம் நடக்கும். பகலில் கோட்டை, மாலையில் குதிரைகள் என்று என் கணவர் ஊரிலேயே திட்டம் போட்டுவிட்டார். வேலூர் மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நாட்டுக்குப் போனாலும் அருங்காட்சியகத்துக்கு முன்னால் அங்கே ஆடுமாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் மனிதர்.

பக்கத்து ஊரான ஆஸ்கட்டுக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஆன் அரசி 1711-இல் தொடங்கிவைத்த பந்தயத் திடல் அது. ஜூன் மாத ராயல் ஆஸ்கட் வாரத்தில் அரச குடும்பத்தினர் சாரட் வண்டிகளில் திடலுக்குள் ஊர்வலமாக வருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அன்றைக்கு நுழைவுச் சீட்டும் விலை அதிகம், கூட்டமும் அதிகம். விண்ட்சரின் திங்கட்கிழமை பந்தயம் உள்ளூர்க்காரர்கள் அலுவலகம் முடிந்து வரும் பந்தயம். குதிரையைப் பக்கத்தில் நின்று பார்க்க இதுதான் வசதி.

லண்டன் பேடிங்டனில் ஏறி ஸ்லவ்வில் மாறினோம். அங்கிருந்து விண்ட்சருக்கு ஒரு குட்டி ரயில், ஆறே நிமிடப் பயணம். ஆற்றைத் தாண்டும்போதே வலமும் இடமும் பச்சைப் புல்வெளி, நடுவில் மேட்டின் மேல் கோட்டை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே விக்டோரியா அரசி சிலை, அதன் பின்னால் கோட்டைச் சுவர். ஆட்டோ பிடிக்கிற வேலையே இல்லை.

சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வாசலில் வாங்குவதைவிட விலை குறைவு. வெளியே வரும் முன் அதைக் காட்டி ஓராண்டு அனுமதியாக மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கு அடிக்கடி வருபவர்களுக்கு இது நல்ல வசதி. சோதனை விமான நிலையத்தில் போலவே கறாராக இருந்தது. எங்கள் எலுமிச்சைச் சாத டப்பாவையும் திறந்து பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார்கள்.

உள்ளே போனதும் கண்ணில் படுவது வட்டக் கோபுரம். அதன் உச்சியில் பிரிட்டிஷ் தேசியக் கொடி பறந்துகொண்டிருந்தது. அரசர் கோட்டையில் இருந்தால் அவருடைய தனிக்கொடி ஏறியிருக்கும். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், அடுத்த சில ஆண்டுகளில் லண்டனைச் சுற்றிக் காவலுக்காக வரிசையாகக் கோட்டைகள் கட்டினார். அதில் ஒன்றாக மண்மேடும் மரவேலியுமாகத் தொடங்கியது இது. கல்லில் எழுந்தது பின்னால் வந்த இரண்டாம் ஹென்றி காலத்தில். அன்று முதல் இன்றுவரை மன்னர் குடும்பம் விடாமல் புழங்கி வரும் கோட்டை. இன்றும் மக்கள் வாழும் கோட்டைகளில் உலகிலேயே பெரியது இதுதான் என்கிறார்கள். ஆயிரம் அறைகளுக்கு மேல் உண்டு. நமக்குத் திறந்துவிடுவது அதில் ஒரு சிறு பகுதி.

மேரி அரசியின் பொம்மை வீட்டுக்குத் தனி வரிசை. 1921-க்கும் 1924-க்கும் இடையில் கட்டிடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது. நம் புதுடெல்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ். எல்லாமே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஓடும், நூலகத்தில் விரல்நுனி அளவுப் புத்தகங்கள். அழகுதான். ஆனால் வரிசை நீளமாக இருந்தால் தயங்காமல் விட்டுவிட்டு அரச மாளிகை அறைகளுக்குப் போங்கள்.

படிக்கட்டின் இரு பக்கமும் கவசம் போட்ட குதிரைகள் மேல் கவச வீரர்கள். இவர் அங்கேயே நின்றுவிட்டார். குதிரையின் முகத்துக்கும் மார்புக்கும் இரும்பு போட்டால் எவ்வளவு சுமை, அதோடு கவசம் போட்ட ஆளும் ஏறினால் அது எப்படி ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு நான் மேலே ஏறினேன். எனக்கு ஒரு அவசரம் இருந்தது.

மேலே இருக்கும் பெரிய முன்கூடத்தில்தான் அது இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் திப்பு சுல்தானின் சிம்மாசனத்துப் புலித்தலை. மரத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தியது. கண்களும் பற்களும் ஸ்படிகக் கல். படத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு உயிரோடு இருக்கும் என்று நினைக்கவில்லை. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போரிலேயே இறந்தார். கொள்ளைப் பொருளைப் பங்கு பிரிக்க வந்தவர்கள் அந்தச் சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு துண்டாக்கிவிட்டார்கள். புலித்தலை கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக நான்காம் வில்லியம் மன்னருக்கு வந்தது. சிம்மாசனத்தின் குடைமேல் இருந்த ரத்தினம் பதித்த ஹுமா பறவை அதற்கு முன்பே மூன்றாம் ஜார்ஜிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேலூர்க்காரர்களுக்கு இது வேறு ஊர்க் கதை இல்லை. திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து வைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில். திப்பு மகால், ஹைதர் மகால் என்று இன்றும் அங்கே கட்டிடங்கள் இருக்கின்றன. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கோட்டையில் ஏறியது மைசூரின் புலிக்கொடி. புதுத் தலைப்பாகையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் பற்றவைத்த நெருப்பு அது. ஒரே நாளில் அடக்கிவிட்டார்கள், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள், திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கோட்டை அகழியைச் சுற்றித்தான் நாங்கள் காலையில் நடக்கப் போவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே வேலூர்க் கோட்டையில் இன்னொரு மன்னரையும் சிறை வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-இல் பிடிபட்டவர், 1832-இல் வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். அவருடைய சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போயின, சிம்மாசனம் இதே விண்ட்சர் கோட்டையில் இருந்தது. ஆக, வேலூரில் கைதியாக இருந்த இரண்டு அரச குடும்பங்களின் சிம்மாசனங்களும் வந்து சேர்ந்த இடம் இது.

ஆனால் கண்டிச் சிம்மாசனம் இப்போது இங்கே இல்லை. 1934-இல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கிளஸ்டர் கோமகன் இலங்கைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைப்பதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே, கேட்டுப் பெற முடிந்திருக்கிறது. ஒன்று திரும்பியிருக்கிறது என்றால் மற்றதும் திரும்பலாம். இந்தப் புலி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்திலேயே இதையும் பார்த்தால், அவர்களுக்கு வரலாறு எவ்வளவு கிட்டத்தில் வரும்!

அறைக் காவலுக்கு இருந்த பெண்மணியிடம் இதைச் சொன்னேன். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். வேலூர் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். கண்டிச் சிம்மாசனம் திரும்பிப் போன விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. "இந்தப் பெட்டியின் முன்னால் இந்தியர்கள் எல்லோருமே அதிக நேரம் நிற்பார்கள்" என்றார். இவர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். கோட்டையில் நாங்கள் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

வாட்டர்லூ கூடத்தில் கீழே பாருங்கள். தையலே இல்லாத ஒரே விரிப்பு, இரண்டு டன் எடை. விக்டோரியா அரசிக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. எல்லோரும் சுவரில் இருக்கும் தளபதிகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். 1992 நவம்பர் 20-ஆம் தேதி கோட்டையில் தீப்பிடித்தபோது இதைச் சுருட்டி வெளியே தூக்க 50 படைவீரர்கள் தேவைப்பட்டார்களாம்.

அந்தத் தீ தனி வழிபாட்டறையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விளக்கிலிருந்து தொடங்கியது. 15 மணி நேரம் எரிந்து, 115 அறைகள் பாழாயின. புனித ஜார்ஜ் கூடத்தின் கூரை முழுதும் போனது. சரியாக ஐந்தாண்டில், 1997 நவம்பர் 20-ஆம் தேதிக்குள் முழுதும் சரிசெய்துவிட்டார்கள். செலவு 3 கோடியே 65 லட்சம் பவுண்டு. அதில் பெரும்பகுதி, பக்கிங்ஹாம் அரண்மனையை மக்களுக்குத் திறந்துவிட்டு வந்த சீட்டுப் பணம். இப்போது இருக்கும் கூரை காயாத பச்சை ஓக் மரத்தில் பழைய முறையிலேயே தச்சர்கள் இழைத்தது. அண்ணாந்து பார்த்தால் கார்ட்டர் என்ற அரச பட்டம் பெற்ற வீரர்களின் கேடயங்கள் வரிசையாக, நடுநடுவே சில வெறும் வெள்ளை. பட்டம் பறிக்கப்பட்டவர்களின் இடம் அது. பெயரை மட்டும் அழித்துவிட்டு இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

புனித ஜார்ஜ் ஆலயத்தை 1475-இல் நான்காம் எட்வர்ட் தொடங்கினார், எட்டாம் ஹென்றி காலத்தில் 1528-இல் முடிந்தது. அந்த ஹென்றி புதைந்திருப்பதும் இங்கேதான், பாடகர் வரிசைக்கு நடுவில் தரையில் ஒரு கல்லுக்குக் கீழே. ஆறு மனைவி கட்டிய மன்னருக்கு இவ்வளவு எளிய கல்லா என்று தோன்றும். கூட அதே குழியில் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும் இருக்கிறார். பக்கத்துச் சிற்றாலயத்தில் எலிசபெத் அரசி. கறுப்புக் கல்லில் அப்பா, அம்மா, மகள், மருமகன் என்று நான்கு பெயர்களும் ஆண்டுகளும், நடுவில் ஒரு நட்சத்திரம். வேறு ஒரு சொல் இல்லை. எனக்கு அந்தக் கல் மிகவும் பிடித்திருந்தது.

எலிசபெத் அரசி குதிரைகளின் மேல் வைத்திருந்த பிரியம் ஊரறிந்தது. 1953-இல் முடிசூட்டி நான்கே நாளில் டெர்பி பந்தயத்தில் அவருடைய ஆரியோல் என்ற குதிரை இரண்டாவதாக வந்தது. கடைசிவரை அந்தப் பந்தயம் அவருக்கு வாய்க்கவில்லை. 2013-இல் எஸ்டிமேட் என்ற குதிரை ஆஸ்கட்டில் தங்கக் கோப்பையை வென்றது. பதவியில் இருக்கும் அரசர் ஒருவரின் குதிரை அந்தக் கோப்பையை வாங்கியது அதுவே முதல் தடவை. 2022 செப்டம்பரில் அவருடைய இறுதி ஊர்வலம் நெடுநடைபாதை வழியாகக் கோட்டைக்கு வந்தபோது, அவர் சவாரி செய்த எம்மா என்ற மட்டக்குதிரை ஓரத்தில் புல்லின்மேல் நின்றிருந்தது. வெளியே வந்து அந்த நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். நான்கு கிலோமீட்டருக்கு நேர்கோடு, கடைசியில் மேட்டின்மேல் மூன்றாம் ஜார்ஜ் குதிரைமேல் இருக்கும் சிலை புள்ளியாகத் தெரிகிறது.

ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்து சாதத்தைச் சாப்பிட்டோம். ஹீத்ரோ பக்கம் என்பதால் தலைக்குமேல் விமானம் வந்துகொண்டே இருந்தது.

பந்தயத்துக்குப் படகில் போகலாம். பந்தய மாலைகளில் ஊர்க் கரையிலிருந்து படகு விடுகிறார்கள். திடல் இருப்பது தேம்ஸின் ஒரு கிளைக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள தீவில். படகு நேராகத் திடலின் துறையிலேயே கொண்டுபோய் இறக்குகிறது. கோட்டு சூட்டு, பூப்போட்ட கவுன், தொப்பி என்று எல்லோரும் கல்யாணத்துக்குப் போவது போலக் கிளம்பியிருந்தார்கள். நான் காஞ்சிபுரம் பருத்திப் புடவை. ஒரு பெண் வந்து மடிப்பு எப்படி நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

நம் ஊரில் ரேஸுக்குப் போகிறவர் என்றால் நகையை அடகு வைப்பவர், வீட்டைத் தொலைப்பவர் என்றுதான் என் பெற்றோர் பேசுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே தீர்ப்பளித்தது. ஆனாலும் குடும்பங்களுக்கு அந்தக் கசப்பு போகவில்லை. 2024-இல் அரசு கிண்டி பந்தயத் திடலின் நிலத்தை எடுத்துக்கொண்டபோது எங்கள் தெருவில் யாரும் வருத்தப்படவில்லை. இங்கே குழந்தை வண்டியோடு குடும்பங்கள் புல்லில் துப்பட்டி விரித்து உட்கார்ந்திருக்கின்றன. அதே இடத்தில் பந்தயப் பணம் வாங்குபவர்களும் பலகையும் பணப்பையுமாக வரிசைகட்டி நிற்கிறார்கள். 5/1 என்று போட்டிருந்தால் 1 பவுண்டுக்கு 5 பவுண்டு லாபம், கட்டிய பவுண்டும் திரும்பும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் கட்ட முடியாது.

நாங்கள் நேராகப் போனது குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்கு. பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு குதிரையையும் அதன் பராமரிப்பாளர் கயிற்றைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடத்துவார். கைக்கெட்டும் தூரம். தோல் எண்ணெய் தடவியதுபோல மின்னுகிறது. பின்தொடையில் சதுரம் சதுரமாக ரோமத்தை வாரிவிட்டிருக்கிறார்கள். நன்றாக அலங்கரித்த குதிரையின் பராமரிப்பாளருக்குத் தனிப் பரிசும் உண்டு. அதைக் கேட்டதும் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

இவர் கம்பியில் சாய்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். "இங்க பாரு, பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுது, அது நல்ல நடை. அந்தச் சிவப்புக் குதிரைக்குக் கழுத்தெல்லாம் வேர்வை, பந்தயத்துக்கு முன்னாலேயே பதற்றத்துல பாதி பலம் போயிடும். அடுத்ததா வர்ற குதிரை காதை முன்னால வச்சிருக்கு பாரு, அது ஓட ஆசைப்படுது." பக்கத்தில் நின்ற ஒருவர், என்ன மொழி, என்ன சொல்கிறார் என்று கேட்டு, நான் ஆங்கிலத்தில் சொன்னதும் தன் அட்டவணையில் அந்தக் குதிரைக்குக் கோடு போட்டுக்கொண்டார். கயிறு பிடித்து வந்த ஓர் இளைஞர் இந்திய முகம். ராஜஸ்தான் என்றார். இங்கே பல லாயங்களில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்களாம்.

இந்தக் குதிரைகளின் பூர்வீகமும் நம் பக்கத்துக் கீழ்த்திசைதான். ஆங்கிலப் பந்தயக் குதிரைகள் எல்லாமே ஆண்வழியில் மூன்று கீழைநாட்டுக் குதிரைகளின் வாரிசு. அதில் டார்லி அரேபியன் என்ற குதிரையை 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வாங்கி அனுப்பினார்கள். இன்று ஓடும் பெரும்பாலான குதிரைகள் அதன் வழி வந்தவை. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலேறிப் பாண்டிய நாட்டுக்கும்தான் வந்து இறங்கின. இந்த ஊரில் எடுத்து வந்ததும் இருக்கிறது, வாங்கி வந்து வளர்த்ததும் இருக்கிறது. வளர்த்ததைப் பார்க்கும்போது மனம் லேசாகிறது.

1866-இல் தொடங்கிய இந்தத் திடலின் ஓடுபாதை 8 என்ற எண்ணின் வடிவம். குறுந்தூரப் பந்தயம் ஏறக்குறைய நேராகவே வரும். ஆறு ஃபர்லாங், அதாவது 1200 மீட்டர் சொச்சம். தொலைவில் கூண்டுகளின் கதவு திறந்தது திரையில்தான் தெரிந்தது. வண்ணச் சட்டைகள் ஒரு கற்றையாக வந்து, பிரிந்து, எங்களைத் தாண்டும்போது காலடியில் தரை அதிர்ந்தது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எல்லாம் ஒன்றேகால் நிமிடத்துக்குள். நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி எல்லாவற்றையும் சமமாக்கி ஓடவிடுகிறார்கள், அதனால் கடைசி நொடிவரை யார் என்று தெரியாது. நானும் கத்தினேன்.

சாட்டைதான் எனக்குப் பொறுக்கவில்லை. மென்மையான உறை போட்டதுதான், இத்தகைய ஓட்டத்தில் ஆறு முறைக்குமேல் அடிக்கக் கூடாது, மீறினால் ஜாக்கிக்குத் தண்டனை. ஆறுமே எதற்கு என்று இவரிடம் கேட்டேன். தானாக ஓட ஆசைப்படும் பிராணிக்கு அது தேவையில்லை என்பதுதான் அவருடைய பதிலும். முடித்து வரும் குதிரைகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துடைத்து, கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னாலேயே வண்டியில் வருகிறார். இவர் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தயப் பணம் இரண்டு பேரும் கட்டவில்லை. வேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது. வளையத்தில் ஆளுக்கொரு குதிரையைத் தேர்ந்தெடுத்து, யாருடையது முன்னால் வருகிறது என்று மட்டும் பார்த்தோம். காதை முன்னால் வைத்திருந்த அந்தக் குதிரை இரண்டாவதாக வந்தது. கோடு போட்டுக்கொண்ட மனிதர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து இவருக்குக் கையை உயர்த்திக் காட்டினார்.

ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, அதனால் கடைசிப் பந்தயம்வரை நிற்கலாம். ஆனால் திரும்பும் படகுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். ஊருக்கு அரை மணி நேர நடைதான், காலில் வலு இருந்தால் நடந்துவிடுங்கள். பெரியவர்களோடு போனால் கடைசிப் பந்தயத்துக்கு முன்னதாகவே துறைக்கு வந்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் வந்து, ஸ்லவ் வழியாகவே லண்டன் திரும்பினோம். நாளைக்கு ஆக்ஸ்ஃபோர்டு.